பெரில் வீட்டுப் பொய்க்கரி

கிரிம்லி என்ற கரிச்சுரங்க ஊரில் காஸ் கணப்புக்குக் கடைசியாக மாறிய வீடு ஆக்ராய்டு வீடுதான். தெருவில் எதிர்வீட்டுக்காரர் ஒருவரைத் தவிர மற்றவர்கள் எல்லாம் எப்போதோ மாறிவிட்டார்கள். குமிழைத் திருகினால் போதும், பீங்கானில் செய்த கரித்துண்டுகளுக்கு நடுவே தீ எழும்பிக் கூடம் சூடாகிவிடும். சாம்பல் அள்ள வேண்டாம், கரிவாளி சுமக்க வேண்டாம், திரைச்சீலை கறுக்காது. பெண்கள் எல்லாம் கையெடுத்துக் கும்பிடாத குறையாக அதை வரவேற்றார்கள். வில்ஃப் ஆக்ராய்டு மட்டும் அசைந்து கொடுக்கவில்லை.

"நாப்பது வருஷம் பூமிக்கடியில மண்டி போட்டுக் கரி வெட்டினவன் நான். என்னைப் போயி பொய்க்கரிக்கு முன்னாடி உக்காரச் சொல்றியா? காகிதப் பூவுக்குத் தண்ணி ஊத்துன்னு சொல்லேன், அதையும் செய்றேன்."

"ஊத்துவே, ஊத்துவே. என் கார்ப்பெட்டு நனைஞ்சுதோ, உன்னைத் தொலைச்சிடுவேன்," என்றாள் பெரில்.

அவனுடைய வீம்புக்குக் காரணம் கரி மட்டும் இல்லை. அது பெரிலுக்குத் தெரியும். ஊரில் வேறு யாருக்கும் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை, அது புருஷன் பெண்டாட்டி விஷயம்.

பெரில் பிறந்த வீட்டில் பிள்ளைகள் ஒரு பட்டாளம். அவள்தான் மூத்தவள். அப்பா காலை ஷிப்டுக்குப் போகிறவர். அவர் கீழே இறங்கி வருவதற்குள் நெருப்பு எரிய வேண்டும், அந்த வேலை பெரில் தலையில் விழுந்தது. பத்து வயதிலிருந்து இருட்டில் எழுந்து, ஐஸாய்க் கிடக்கிற கல்தரையில் முட்டி போட்டு, நேற்றைய சாம்பலை அள்ளி, காகிதத்தைச் சுருட்டி, சுள்ளி அடுக்கி, ஊதி ஊதி மூட்டுவாள். கால்விரல்கள் குளிரில் வீங்கிச் சிவந்து அரிப்பெடுக்கும். கரி ஈரமாக இருந்து பற்றாமல் போனால் முதுகில் ஒன்று விழும். குளிரில் கண் விழிப்பது என்றாலே அவளுக்கு விஷம் என்று ஆகிவிட்டது.

கல்யாணத்துக்கு முன்னால், தொழிலாளர் மன்றத்தில் சனிக்கிழமை நடனம் முடிந்து நடந்து வரும்போது, வில்ஃப் கேட்டான்: "என்னைக் கட்டிக்கிட்டா உனக்கு என்ன வேணும், சொல்லு." மோதிரம், அலமாரி என்று ஏதாவது சொல்வாள் என்று பாவம் அவன் பயந்துகொண்டுதான் கேட்டான். அவள் சொன்னாள்: "காலையில நான் நெருப்பு மூட்ட மாட்டேன். அது ஒண்ணுதான்."

"அவ்வளவுதானா?" என்றான் வில்ஃப்.

சொன்னதைச் செய்தான் பாருங்கள், அதுதான் பெரிது. கல்யாணமான முதல் காலையிலிருந்து அவன்தான் மூட்டினான். ஷிப்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஞாயிற்றுக்கிழமையானாலும், காய்ச்சலானாலும் சரி. கூடம் சூடாகி ஜன்னலில் படிந்த பனி உருகத் தொடங்கியதும் மாடிப்படியின் அடியில் நின்று கூப்பிடுவான்: "பத்திக்கிச்சு புள்ள, வா!" அதுவரை அவள் படுக்கையை விட்டு எழக்கூடாது. ஒருநாள் அவசரத்தில் முன்னாலேயே இறங்கி வந்துவிட்டாள். அன்று முழுக்க அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். கேட்டால், "பத்துற வரைக்கும் எந்திரிக்காதன்னு சொன்னேன்ல?" என்றான். அதற்குப் பிறகு அவள் விழித்திருந்தாலும் போர்வைக்குள் கிடந்து அந்தக் குரலுக்காகக் காத்திருப்பாள். சொல்லப்போனால் அவளுடைய நாளிலேயே அந்தக் கொஞ்ச நேரம்தான் அவளுக்கு ரொம்பப் பிடித்தது.

வேலைநிறுத்த வருஷத்தில் ஊருக்கே கரி இல்லை. கரி வெட்டுகிறவன் வீட்டிலேயே கரி இல்லை, எப்படி இருக்கிறது கதை! வில்ஃப் பனியில் சுரங்கத்துக் கழிவு மேட்டுக்குப் போய், வெறுங்கையால் தோண்டித் தோண்டி, மகள் மோரீனின் பழைய குழந்தை வண்டியில் பொறுக்குக் கரியைப் போட்டுத் தள்ளிக்கொண்டு வந்தான். நகமெல்லாம் பிய்ந்து போயிருந்தது. மறுநாள் காலையில் படியடியில் அதே குரல்.

அப்புறம் சுரங்கத்தை இழுத்து மூடினார்கள். கரித்தூசி புகுந்த நெஞ்சு வில்ஃபை ஓயாமல் இரும வைத்தது. கரிவாளி தூக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னபிறகு, வேறு வழி இல்லாமல் பொய்க்கரி வீட்டுக்குள் வந்தது. அன்று சாயங்காலம் முழுக்க அவன் அதையே முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இவன் மனசு உடைந்துவிட்டதோ என்று பெரில் கவலைப்பட்டாள். ஆனால் விடியலில் அவன் எழுந்து கீழே போகிற சத்தம் கேட்டது. குமிழ் 'டக்' என்றது. ரொம்ப நேரம் கழித்துத்தான் குரல் வந்தது: "பத்திக்கிச்சு புள்ள, வா!"

"குமிழைத் திருகறதுக்கு இவ்வளவு நேரமா?" என்று சிரித்துக்கொண்டே இறங்கினாள்.

"இருடி. பொய்க்கரியா இருந்தாலும் சூடேற வேணாமா?" என்றான் அவன்.

இப்படியே போயிருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? போகவில்லையே. வில்ஃபுக்கு நினைவு தப்ப ஆரம்பித்தது.

முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது. தோட்டத்து லீக் வெங்காயத்தாளைப் பிடுங்கிக் கொண்டுவந்து காலுறை அலமாரியில் அடுக்கினான். "யோவ், உன் காலுறையை நான் சூப்பு வைக்கவா?" என்றாள் பெரில். அவனும் சிரித்தான். பிறகு மகள் பெயர் மறந்தது. பிறகு ஒருநாள் விடிவதற்கு முன், பைஜாமாவோடு, சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு மூடிக் கிடந்த சுரங்கத்து வாசலில் போய் நின்றுவிட்டான். ஷிப்டுக்கு வந்தவனை ஏன் உள்ளே விடவில்லை என்று போலீஸ்காரரிடம் சண்டை. அவர்கள் கம்பளி போர்த்தி வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டார்கள்.

மோரீன் லீட்ஸிலிருந்து காரை ஓட்டிக்கொண்டு வந்தாள். கெட்ட பெண் இல்லை அவள். அப்பா பிள்ளை. சமையலறைக் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாள்:

"அம்மா, ஒரு முதியோர் விடுதியில பேசி வச்சிருக்கேன். அப்பாவுக்கு ஒரு இடம் இருக்கு."

"இடம் எதுக்கு? இங்க இடம் இல்லாமயா கிடக்கு?"

"நீயும் எண்பதைத் தொடப் போற. ராத்திரி பகல்னு அவரை எப்படிப் பாத்துப்ப? இப்ப விடுறேன். ஆனா இன்னொரு தடவை இந்த மாதிரி ஏதாவது நடந்துச்சு, அப்புறம் நான் உன்னைக் கேக்க மாட்டேன்மா. கோவிச்சுக்காத."

"ஒண்ணும் நடக்காது," என்றாள் பெரில். அன்றிலிருந்து அவளுக்கு வாழ்க்கையில் ஒரே வேலைதான், ஒன்றும் நடக்காமல் பார்த்துக்கொள்வது. நடந்தாலும் மோரீன் காதுக்குப் போகாமல் பார்த்துக்கொள்வது.

குளிர்காலம் பாதி போயிருக்கும். கணப்பில் ஒரு நாற்றம் வரத் தொடங்கியது. சுவரில் கரும்புகை படிந்தது. மஞ்சள் நாக்காகத் தீ நீண்டு ஆடியது. பொய்க்கரித் துண்டுகள் ஓரமெல்லாம் உதிர்ந்து, விரிசல் விட்டு, ஒன்றிரண்டு உடைந்தே போயிருந்தன. பெரிலுக்குத் தினமும் தலைவலி, வில்ஃப் நாற்காலியிலேயே தூங்கித் தூங்கி விழுந்தான். சரி, கரி தேய்ந்துவிட்டது, புதுசு போட்டால் சரியாகிவிடும் என்று கீத்தைக் கூப்பிட்டாள்.

கீத் ஒரு காலத்தில் வில்ஃபோடு அதே ஷிப்டில் இறங்கியவன்தான். சுரங்கம் மூடியபிறகு காஸ் வேலை கற்றுக்கொண்டு ஒரு வேன் வைத்திருந்தான். புதுப் பொய்க்கரிப் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உள்ளே வந்ததும், "என்ன வில்ஃப், எப்படி இருக்கீங்க?" என்றான்.

வில்ஃப் அவனை ஏற இறங்கப் பார்த்தான். "சுரங்கத்து அடி ஈரமா கிடக்கு. பாத்து இறங்கு," என்றான்.

"சரி வில்ஃப், பாத்துக்கிறேன்," என்று கீத் சாதாரணமாகப் பதில் சொன்னான். பெரிலுக்கு அவனைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

தரையில் பழைய காகிதம் விரித்து, முட்டி போட்டு, துண்டு துண்டாக எடுத்து வைத்தான். நாலைந்து எடுத்ததும் கை நின்றுவிட்டது. விளக்கை உள்ளே அடித்துப் பார்த்தான். விரலால் தொட்டு மோந்தான். பிறகு மெதுவாகத் திரும்பினான்.

"பெரில், இந்தக் கரியை யாரு வெளிய எடுத்து மறுபடி அடுக்கினது?"

வில்ஃப் கை வைத்திருப்பான் என்று பெரிலுக்கு உடனே பட்டது. ஆனாலும் வாய் தயாராக வைத்திருந்த பதிலைச் சொன்னது: "நான்தான்பா. தூசியா இருந்துச்சு. எடுத்து சோப்புத் தண்ணியில அலசிக் காய வச்சேன்."

இது நம்பாமல் போகிற பொய் இல்லை. கிரிம்லியில் பாதி வீட்டுப் பெண்கள் செய்கிற காரியம்தான். பித்தளையைத் துலக்குவது போலப் பொய்க்கரியையும் கழுவி, கண்ட மேனிக்குத் திருப்பி வைத்து, புகை வருகிறது என்று கீத்தைக் கூப்பிடுவார்கள். அவனும் திட்டிவிட்டுச் சரி செய்துவிட்டுப் போவான்.

"கழுவினது சரி," என்றான் கீத். "சோப்புத் தண்ணியில டீத்தூள் எப்படி வந்துச்சு?"

உள்ளங்கையை நீட்டினான். ஈரக் கரித்தூள், அதோடு பிசைந்த டீத்தூள், உருளைக்கிழங்குத் தோல். அதற்கடியில் உண்மையான நிலக்கரித் துண்டுகள், பாதி வெந்து, சாம்பலாகிக் காஸ் வருகிற கண்களை எல்லாம் அடைத்துக்கொண்டிருந்தன. ராத்திரி நெருப்பு அணையாமல் உயிரோடு கிடக்க, சுரங்கக்காரர்கள் வீட்டில் படுக்கப் போகும் முன் அப்படித்தான் மூடி வைப்பார்கள். கீத்தின் அப்பாவும் அப்படித்தான் செய்தார். பெரில் அந்த உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கரி எங்கிருந்து வந்தது என்று அவளுக்கு இப்போதுதான் புரிந்தது. எதிர்வீட்டுக்காரர் இன்னும் உண்மைக் கரிதான் எரிக்கிறார், அவருக்கு வந்த லோடு தெருவில் கொட்டிக் கிடந்தது. வில்ஃபின் டிரஸ்ஸிங் கவுன் பைகள் ஏன் கறுத்துக் கிடந்தன என்று துவைக்கும்போது அவள் யோசிக்கவில்லை.

"கீத்," என்றாள். "மோரீன்கிட்ட சொல்லிடாதப்பா. அவ கூட்டிட்டுப் போயிடுவா."

"பெரில், இது விளையாட்டு இல்ல. காஸ் முழுசா எரியாம விஷமா மாறி ரூமுக்குள்ளயே சுத்திக்கிட்டு இருந்திருக்கு. உங்க தலைவலி அதுதான். அவரு தூங்கி விழுறாரே, அதுவும் அதுதான். இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தா ரெண்டு பேரையும் காலையில நான் வந்து தூக்கியிருக்கணும். சட்டப்படி, இந்தக் கணப்பை எரிக்கக் கூடாதுன்னு நான் சிவப்பு அட்டை ஒட்டிட்டுப் போகணும்."

"ஒட்டாத. உன் காலைப் பிடிக்கிறேன்."

"ஐயோ, என்ன பேச்சு இது!" கீத் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றான். பின்னால் நாற்காலியில் வில்ஃப் இருமினான்.

கீத் திரும்பி வந்து முட்டி போட்டான். எல்லாவற்றையும் சுரண்டினான், தூசி உறிஞ்சியால் இழுத்தெடுத்தான், கண் கண்ணாகக் குத்திச் சுத்தம் செய்தான். பெட்டியைப் பிரித்துப் புதுப் பொய்க்கரியை, படத்தில் போட்டபடி, பெரியது பின்னால், சிறியது முன்னால், இடைவெளி விட்டு அடுக்கினான். பற்ற வைத்து, புகைக்குச்சி ஒன்றைக் கொளுத்தி மேல் விளிம்பில் காட்டினான். புகை நேராகப் புகைபோக்கிக்குள் ஏறியது. புத்தம் புதுக் கரிக்கு நடுவே தீ அழகாக எழும்பியது.

"அழகா இருக்குல்ல?" என்றாள் பெரில், அழுகைக்கு நடுவில்.

"இங்க வாங்க, இதைக் கவனிங்க," என்று கணப்பின் ஓரத்தில் இருந்த ஒரு சின்னத் திருகைக் காட்டினான். "தினம் படுக்கப் போறப்ப ஸ்க்ரூ டிரைவரால இதைத் திருகி மூடிடுங்க. காலையில நீங்க எந்திரிச்சு வந்து திறங்க. அவரு முன்னாடி வந்து என்ன பண்ணினாலும் காஸ் வராது. நீங்க எனக்கு வாக்கு குடுத்தாத்தான் நான் அட்டை ஒட்டாம போவேன்."

"சத்தியம்," என்றாள் பெரில்.

பழைய கரியை வாளியில் அள்ளிக் கொல்லைப்புறக் கரிக்கொட்டகையில் வைத்துவிட்டு, ஒரு வாய் டீ குடித்துவிட்டு அவன் போனான். குப்பைக்காரன் வரும் நாளில் போட்டுவிடச் சொன்னான்.

சும்மா சொல்லக்கூடாது, அடுத்த கொஞ்ச நாள் வீட்டில் வெளிச்சம் வந்தது. தலைவலி போன இடம் தெரியவில்லை. வில்ஃபும் தெளிந்தான். ஒருநாள் மத்தியானம் கஸ்டர்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "பெரில், உன் கைக்கு வளையல் போட்டுத்தான் அழகு பாக்கணும்," என்றான். பெயர் சொன்னான்! அவள் தட்டை வைத்துவிட்டுச் சமையலறைக்கு ஓடி, வாயில் துணியை வைத்துக்கொண்டு அழுதாள். எல்லாம் அந்தப் பாழும் புகைதான், இனி சரியாகிவிடும் என்று நினைத்தாள். நினைப்புக்கு என்ன, யார் தடுப்பது?

ஆனால் காலைகள் இருந்தனவே. விடியக் கருக்கலில் அவன் எழுவான். படியில் ஒவ்வொரு அடியாக இறங்குவான். பிறகு 'டக்'. மறுபடி 'டக்'. 'டக் டக் டக்'. மேலே போர்வைக்குள் பெரில் கண்ணை இறுக மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பாள். திருகு மூடியிருக்கிறது, எங்கிருந்து வரும் தீ? கொஞ்ச நேரம் கழித்துப் படியடியில் குரல் வரும். கூப்பிடுகிற குரல் இல்லை.

"எந்திரிக்காத புள்ள. இன்னும் பத்தல."

மறுபடி 'டக் டக்'.

அவளால் பொறுக்க முடியாதபோது இறங்கி வருவாள். அவன் முட்டி போட்டபடி திரும்பிப் பார்ப்பான், திருட்டில் மாட்டிய பிள்ளை போல. "கரி ஈரம்," என்பான். "நீ மேல போ. குளிரும்." அவள் அவனை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, அவன் பார்க்காதபோது திருகைத் திறந்து குமிழைத் திருகுவாள். நெருப்பு வரும். அவன் முகம் இன்னும் சுருங்கிப்போகும். அவள் மூட்டிவிட்டாள் அல்லவா? மூட்ட மாட்டேன் என்று சொன்ன பெண்ணை மூட்ட வைத்துவிட்டான் அல்லவா?

ஒருநாள் காலை 'டக்' சத்தம் நின்று வெகுநேரம் ஆகியும் ஒன்றும் கேட்கவில்லை. இறங்கிப் பார்த்தாள். அடிப்படியில் உட்கார்ந்து, தலையைச் சுவரில் சாய்த்துக்கொண்டு, சத்தம் வராமல் அழுதுகொண்டிருந்தான்.

"எனக்கு வரமாட்டேங்குது புள்ள. ஒரு நெருப்பு மூட்ட வக்கில்ல எனக்கு. எதுக்கும் ஆகாதவனாயிட்டேன்."

"யோவ், அப்படியெல்லாம் பேசாத," என்று அவன் தலையை வயிற்றோடு அணைத்துக்கொண்டாள்.

அன்று ராத்திரி ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுத்தாள். கணப்புக்கு முன் குனிந்தாள். கீத்துக்குக் கொடுத்த வாக்கு நினைவில் இல்லாமல் இல்லை. ஒரே ஒரு நாள், என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஒருநாள் அவன் மூட்டட்டும். கூடவே இறங்கிப் போய்ப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டால் போயிற்று. தெருவில் கரி எதுவும் இல்லை, அவன் கவுன் பைகளையும் தடவிப் பார்த்துவிட்டாள். திருகை மூடாமல் ஸ்க்ரூ டிரைவரை இழுப்பறைக்குள் போட்டாள்.

விடியலில் அவன் எழுந்தான். அவளும் எழுந்து போர்வையை விலக்கினாள்.

"நீ படு," என்றான் இருட்டில். "பத்துற வரைக்கும் எந்திரிக்காத."

அந்தக் குரலில் பழைய அதிகாரம் இருந்தது. அவள் படுத்துவிட்டாள். பைத்தியக்காரி, படுத்துவிட்டாள்! ஆனால் அவளை எப்படிக் குறை சொல்வது? 'டக்' என்ற ஒரே சத்தம். உடனே 'புஸ்' என்று தீ எழுகிற ஓசை. கீழிருந்து அவனுடைய சின்னச் சிரிப்புக்கூடக் கேட்டது. பெரில் போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டாள். அவளுக்கு மறுபடி இருபது வயது. இதோ கூப்பிடப் போகிறான், இதோ இப்போது, என்று காத்திருந்தாள்.

கீழே செய்தித்தாள் பிரியும் சத்தம் கேட்டது.

அவளுக்கு ஒரு நொடியில் எல்லாம் புரிந்தது. இந்த ஊரில் பிறந்த யாருக்கும் புரியும். கரி நெருப்பு மந்தமாக இருந்தால், செய்தித்தாளை அகலமாக விரித்துக் கணப்பின் வாயை மறைத்துப் பிடிப்பார்கள். காற்று அடியில் இழுத்துத் தீ குப்பென்று ஏறும். காகிதம் பழுப்பேறும் முன் எடுத்துவிட வேண்டும். வில்ஃப் அதில் கெட்டிக்காரன், ஒருநாளும் கருக விட்டதில்லை. ஆனால் காஸ் தீ அந்த இழுப்புக்கு எல்லாம் காத்திருக்காது.

"வில்ஃப்! விடு! கையை விடு!" என்று கத்திக்கொண்டே ஓடினாள். படியில் பாதி இறங்குவதற்குள் கூடம் முழுக்க வெளிச்சமாகிவிட்டது.

அவன் விடவில்லை. எரிகிற காகிதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான். கம்பளத்தில் விழுந்தால் வீடு பற்றிக்கொள்ளும், மேலே பெரில் தூங்குகிறாள் என்று நினைத்தானோ என்னவோ. அப்படியே கணப்புக்குள் திணித்தான். அவள் மேஜைவிரிப்பை உருவி அவன் கைகளைச் சுற்றிப் பிடித்தாள்.

"பத்திக்கிச்சு புள்ள," என்றான்.

ஆஸ்பத்திரியில் இரண்டு கைகளுக்கும் பெரிய பெரிய கட்டுப் போட்டார்கள். மோரீன் ஓடி வந்தாள். நடைவழியில் இருவரும் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள்.

"திருகை மூடணும்னு கீத் சொல்லியிருந்தான்," என்றாள் பெரில். "நான்தான் மூடல. மறந்து போகல. தெரிஞ்சேதான் மூடல. அவரு மேல தப்பு இல்ல."

மோரீன் கத்துவாள் என்று எதிர்பார்த்தாள். கத்தியிருந்தால் தேவலை. மோரீன் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "தெரியும்மா," என்றாள். "போதும்மா. இனிமே போதும்."

பெரில் தலையை ஆட்டினாள். தான் உயிரைக் கொடுத்துக் காப்பாற்றி வந்ததைத் தானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டோம் என்பது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது.

விடுதி சுத்தமாக இருந்தது, நல்ல மனுஷர்களாகவும் இருந்தார்கள். அதில் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஆனால் அங்கே கணப்பு கிடையாது. ஜன்னலுக்கடியில் அறையைச் சூடாக்கும் வெள்ளை வெந்நீர்க் கம்பி வரிசை ஒன்று, அவ்வளவுதான். கைக்கட்டு அவிழ்த்தபிறகு வில்ஃப் தினமும் விடியலில் எழுந்து அதன் முன் முட்டி போட்டு விரலால் சுரண்டுகிறான், யார் தடுத்தாலும் கேட்பதில்லை, புதுத்தோல் மறுபடி உரிந்துவிடுகிறது என்று அங்கிருந்த நர்ஸ் சொன்னாள். "எதைத் தேடுறாருன்னே தெரியலம்மா," என்றாள்.

பெரிலுக்குத் தெரியும். அவள் வீட்டுக்குப் போனாள். கூடத்தில் கீத் போட்ட புதுக்கரி படத்தில் இருப்பது போல அழகாகக் கிடந்தது. வில்ஃப் போனதிலிருந்து அவள் அந்தக் கணப்பைப் பற்ற வைக்கவே இல்லை. காலையில் கோட்டை மாட்டிக்கொண்டுதான் டீ போட்டாள். குப்பைக்காரன் எத்தனையோ தடவை வந்து போயிருந்தும், கரிக்கொட்டகையில் பழைய பொய்க்கரி வாளி வைத்த இடத்திலேயே இருந்தது. அந்தத் தேய்ந்த துண்டுகளை ஒவ்வொன்றாக ஈரத் துணியால் துடைத்தாள். வாளியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாள். பஸ்காரன், "என்னம்மா, விருந்துக்கு நீங்களே கரி கொண்டு போறீங்களா?" என்றான். "ஆமாப்பா, குளிரு பாரு," என்றாள்.

வில்ஃப் கட்டிலில் உட்கார்ந்து வெறும் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் உள்ளே வந்ததற்கு நிமிரவில்லை. வாளியைக் கீழே வைத்த சத்தத்துக்கு நிமிர்ந்தான்.

எழுந்து வந்து முட்டி போட்டான். முழங்கால் வலியில் முனகினான். வாளிக்குள் கையை விட்டு ஒரு துண்டை எடுத்து, எடை பார்ப்பது போல உள்ளங்கையில் உருட்டினான். "லேசான கரி," என்று முணுமுணுத்தான். ஆனாலும் வேலையை ஆரம்பித்தான். வெந்நீர்க் கம்பியின் முன்னால், தரையில், பெரியது பின்னால், சிறியது முன்னால், இடைவெளி விட்டு. அடுக்கும்போது ஒரு துண்டு உடைந்தது. பரவாயில்லை என்பது போல அதையும் ஒரு இடத்தில் செருகினான். மேஜையில் ஆறிக் கிடந்த டீயின் பையை எடுத்துப் பிதுக்கி, மேலே வைத்து அமுக்கினான்.

பெரில் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். "நல்லா அடுக்கியிருக்க வில்ஃப்," என்றாள்.

அவன் திரும்பி, விரலை உதட்டில் வைத்தான்.

"மெதுவாப் பேசுங்கம்மா. மேல என் வீட்டுக்காரி தூங்குறா."

இத்தனை நாள் பெயர் மறந்திருந்தான், நாள் மறந்திருந்தான். 'நீங்க' என்று அவளை அவன் இதுவரை சொன்னதில்லை.

"சரிங்க," என்றாள் மெதுவாக. "எப்ப எந்திரிப்பாங்க அவங்க?"

"இது பத்தட்டும். அப்புறம் கூப்பிடுவேன். சின்ன வயசுல ரொம்பக் கஷ்டப்பட்டவ. காலெல்லாம் வெடிச்சுப் போயி… குளிருல எந்திரிக்க விடமாட்டேன்னு வாக்கு குடுத்திருக்கேன்." கையை வெந்நீர்க் கம்பியின் மேல் வைத்துப் பார்த்தான். சூடாக இருந்தது. அவன் முகம் மலர்ந்தது. எத்தனையோ மாதங்களாக அவள் பார்க்காத முகம். "பாருங்க, பிடிச்சிடுச்சு."

கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். தள்ளாடித் தள்ளாடிக் கதவு வரை போனான். நடைவழியை எட்டிப் பார்த்து, ஒரு கையை வாயருகில் வைத்துக் கூப்பிட்டான்:

"பத்திக்கிச்சு புள்ள, வா!"

நடைவழியில் யாருமில்லை. அவன் காதைச் சாய்த்துக்கொண்டு நின்றான். முகத்தில் பயம் வரத் தொடங்கியது.

"வர்றேன் வில்ஃப்," என்றாள் பெரில், அவன் முதுகுக்குப் பின்னாலிருந்து.

வில்ஃப் திரும்பி அவளைப் பார்த்துச் சிரித்தான்.

"கேட்டீங்களாம்மா?" என்றான். "எந்திரிச்சிட்டா."